எல்லாரும் காலேஜுக்குப் போனால் பட்டறைக்கு யார் வருவது?

கேள்வி: மேடம், கோயமுத்தூர் கணபதியில சின்னதா லேத் பட்டறை வெச்சிருக்கேனுங்க. ரெண்டு லேத்து, ஒரு மில்லிங், போன வருஷம் லோன் போட்டு கம்ப்யூட்டர்ல ஓடற சிஎன்சி மெஷின் ஒண்ணு. பம்ப் கம்பெனிகளுக்கு ஷாஃப்ட், புஷ் எல்லாம் ஜாப் ஆர்டர்ல பண்ணிக் குடுக்கறோம். நான் எட்டாவது வரைக்கும்தான். பையன் அரசு உதவிபெறும் ஸ்கூல்ல தமிழ் மீடியம், காமர்ஸ் குரூப்பு. ப்ளஸ் டூவுல 600க்கு 371. பி.காம் சேரோணும்ங்கறான். எனக்கு விருப்பமில்லீங்க. எங்கண்ணன் பையன் பி.இ. முடிச்சுட்டு வண்டில சாப்பாடு டெலிவரி பண்ணீட்டு இருக்கான். மூணு வருஷம் இவன் இல்லைன்னா வேற ஆள் போடோணும், மாசம் பதினெட்டாயிரம். பொண்ணு பத்தாவது. அதுக்கு ஒரு டிகிரி இருந்தாத்தான் நல்ல இடத்துல குடுக்க முடியும், படிக்க வெச்சிருவேன். பொதுவாவே கேக்கறேன், எல்லாரும் காலேஜ் போயே ஆகோணுமா? எங்க ஹெல்பரோட பொண்ணுகூட இந்த வருஷம் காலேஜ் சேருது. இப்படியே போனா பட்டறைக்கு யாருங்க வருவாங்க? ஜெர்மனியில பாதிப்பேர் தொழில்தான் கத்துக்கறாங்களாம். பையனுக்கு என்ன சொல்றதுன்னு நீங்களே சொல்லுங்க.

பதில்:

அன்புள்ள ஐயா,

பதினெட்டாயிரம் என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கிருந்தே தொடங்குகிறேன். இருபத்தெட்டு வருடம் அரசுக் கல்லூரிகளில் பொருளாதாரம் சொல்லிக்கொடுத்தவள் நான். காலேஜ் செலவு என்றால் எல்லாரும் ஃபீஸைத்தான் சொல்வார்கள். நீங்கள் சரியான இடத்தில் கை வைத்திருக்கிறீர்கள். மாதம் 18,000 என்றால் மூன்று வருடத்துக்கு 6,48,000 ரூபாய். அரசுக் கலைக் கல்லூரியில் கட்டுகிற ஃபீஸ் இதன் பக்கத்தில்கூட வராது. பையன் வகுப்பில் உட்கார்ந்திருக்கிற நேரத்தில் வராமல் போகிற கூலிதான் படிப்பின் உண்மையான செலவு.

இதே கணக்கை உங்கள் ஹெல்பரும் போட்டிருப்பார். அந்தப் பெண்ணை ஒரு கார்மெண்ட்ஸுக்கு அனுப்பியிருந்தால் முதல் மாதத்திலிருந்தே வீட்டுக்குச் சம்பளம் வந்திருக்கும். உங்களுக்காவது பட்டறை இருக்கிறது. அவருக்கு அந்த வருமானம் அரிசிக்கும் வாடகைக்கும் ஆகியிருக்கும். அதை விட்டுவிட்டு மகளை அனுப்புகிறார் என்றால் அவர் ஏதோ ஊரோடு ஒத்துப்போகிறார் என்று நான் நினைக்க மாட்டேன். உங்களைவிடப் பெரிய பணயம் வைத்திருக்கிறார். புதுமைப்பெண் திட்டத்தில் 2022 முதல் அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் கொடுக்கிறார்களே, அந்தப் பணம் கல்லூரிக் கட்டணத்துக்கானது அல்ல. வராமல் போன கூலியில் ஒரு சிறு பங்கை ஈடுகட்டத்தான். ஆயிரம் ரூபாயில் என்ன ஆகும் என்று சிலர் கேட்கிறார்கள். கல்லூரியை விட்டு நின்றுவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த பிள்ளைகளின் எதிரில் உட்கார்ந்து பேசியிருக்கிறேன். பல பேருக்கு அது பஸ்ஸும் மதியச் சாப்பாடும். அது இல்லாவிட்டால் செமஸ்டர் நடுவிலேயே நின்றிருப்பார்கள்.

உங்கள் பொதுக் கேள்விக்கு என் பதிலை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். எல்லாரும் கல்லூரிக்குப் போயே ஆக வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் போக விரும்புகிற பிள்ளைகளில் பெரும்பாலானோருக்கு இடம் இருக்க வேண்டும், அப்பாவின் தொழிலோ பதினேழு வயதில் வாங்கிய மார்க்கோ அதைத் தடுக்கக் கூடாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தமிழ்நாடு அந்த இடத்துக்குக் கிட்டத்தட்ட வந்துவிட்டது. 2021-22 அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பில் 18 முதல் 23 வயது வரையிலான மக்கள்தொகைக்கு நம் மாநிலத்தின் சேர்க்கை விகிதம் நூற்றுக்கு 47. நாடு முழுவதற்கும் அது 28.4தான். 2035-க்குள் 50-ஐ எட்ட வேண்டும் என்று 2020-இன் தேசியக் கல்விக் கொள்கை சொல்கிறது, நாம் அதன் வாசற்படியில் நிற்கிறோம். ஒரே நாளில் இது வரவில்லை. 1978-இல் ப்ளஸ் டூ வந்தது. அதுவரை, பள்ளிக்கும் பட்டப் படிப்புக்கும் நடுவில் இருந்த பி.யு.சி. படிக்கவே டவுனில் இருக்கிற காலேஜுக்குப் போக வேண்டும். அதன் பிறகுதான் அது பக்கத்து ஊர்ப் பள்ளிக்கு வந்தது. பிறகு தாலுகா ஊர்களில் அரசுக் கல்லூரிகள், இலவச பஸ் பாஸ், நுழைவுத் தேர்வு ரத்து என்று ஒவ்வொன்றாக வந்தன.

இனி உங்கள் அண்ணன் மகன். அவரைப் பற்றி எழுதும்போது உங்களுக்கு மனம் வலித்திருக்கிறது என்று வரியிலேயே தெரிகிறது. அவருக்கு நடந்தது அநியாயம்தான். ஆனால் அது படிப்பால் வந்த அநியாயமா? 1984-க்குப் பிறகு சுயநிதிப் பொறியியல் கல்லூரிகள் பெருகின. ஒரு கட்டத்தில் ஐந்நூறையும் தாண்டின. லேபில் மெஷின் இல்லாமல், ஆய்வுக் குழு வருகிற அன்றைக்கு மட்டும் கணக்குக்கு ஆசிரியர்களை உட்காரவைத்த இடங்கள் உண்டு. என் சொந்தத் தங்கை மகன் அப்படி ஒரு கல்லூரியில்தான் மெக்கானிக்கல் படித்தான். மைக்ரோமீட்டரைப் படத்தில் பார்த்துப் பரீட்சை எழுதினான். அந்தக் குழந்தைகள் ஏமாற்றப்பட்டார்கள். அதற்காக இடங்களைக் குறை என்பது, ஓட்டலில் சோறு ஊசிப்போயிருந்ததற்குப் பசித்தவனைப் பட்டினி போடச் சொல்வது போல. சோற்றை ஒழுங்காக ஆக்கச் சொல்லி நாம் எல்லாரும் சேர்ந்து கேட்க வேண்டும். அரசுக் கல்லூரிகளிலும் இந்தக் குறை இருக்கிறது. நிரந்தரப் பணியிடங்களை நிரப்பாமல் வருடக்கணக்கில் கௌரவ விரிவுரையாளர்களைக் கொண்டே வகுப்பை ஓட்டுகிறார்கள். முப்பத்தைந்து வயதில், முனைவர் பட்டம் வாங்கிய ஒருவர், அடுத்த வருடம் வேலை இருக்குமா என்று தெரியாமல் பாடம் நடத்துகிறார். என் பிள்ளைகளுக்கு இப்படிப்பட்ட வகுப்பு போதும் என்று யார் நினைத்தாலும் எனக்குக் கோபம் வருகிறது.

பட்டதாரிகளுக்குத்தானே வேலை இல்லை என்று நீங்கள் கேட்கலாம். கேட்பதற்கு ஆதாரமும் உண்டு. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2024-இல் வெளியிட்ட இந்திய வேலைவாய்ப்பு அறிக்கையில், 2022-இல் இளம் பட்டதாரிகளில் 29.1 சதவீதம் பேருக்கு வேலையில்லை, எழுதப் படிக்கத் தெரியாத இளைஞர்களில் 3.4 சதவீதம் பேருக்குத்தான் வேலையில்லை என்று இருக்கிறது. இதைப் பார்த்தால் படிக்காமல் இருப்பதே மேல் என்று தோன்றும். ஆனால் அந்த 3.4-க்குள் இருப்பவர்கள் யார்? ஒரு நாள் கூலி போனால் அன்றைக்கு அடுப்பு எரியாதவர்கள். கல் தூக்கவோ குழி தோண்டவோ கிடைத்தாலும் போய்த்தான் ஆக வேண்டும். வேலையில்லாமல் இருப்பதற்கே வசதி வேண்டும் ஐயா. பட்டதாரிப் பையன் வீட்டில் இருந்துகொண்டு பேங்க் எக்ஸாமுக்கும் குரூப் 2-க்கும் படிக்கிறான், அவன் கணக்கில் வருகிறான். கூலிக்குப் போனவன் வருவதில்லை. பட்டதாரிகளுக்கு ஏற்ற வேலைகளை நாடு போதுமான அளவு உண்டாக்கவில்லை என்பது உண்மை. அது நம் தொழில் கொள்கையின் தோல்வி. அதற்குத் தண்டனையைப் பதினேழு வயதுப் பிள்ளை ஏன் அனுபவிக்க வேண்டும்?

பட்டறைக்கு யார் வருவார்கள் என்ற கேள்விதான் உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தி யோசிக்கவைத்தது. இப்போதே யார் வருகிறார்கள்? கணபதி, பீளமேடு, சிட்கோ என்று எந்தப் பட்டறைச் சந்தில் நுழைந்தாலும் மதியச் சாப்பாட்டு நேரத்தில் இந்தியும் போஜ்புரியும் காதில் விழுகின்றன. உங்கள் பட்டறையிலும் பீகார்ப் பையன்கள் இருப்பார்கள் என்றே நினைக்கிறேன். நான் சொன்ன அதே கணக்கெடுப்பில் பீகாரின் சேர்க்கை விகிதம் நூற்றுக்கு 17 சொச்சம். அங்கே பக்கத்தில் வேலை இல்லாததும், பல பிள்ளைகளுக்குக் கல்லூரி எட்டாததும் சேர்ந்துதான் ஒரு பத்தொன்பது வயதுப் பையனை இரண்டு இரவு ரயிலில் உட்காரவைத்து உங்கள் சந்துக்குக் கொண்டுவருகிறது. நமக்கு ஆள் வேண்டும் என்பதற்காக அவன் ஊரிலும் கல்லூரி வரக்கூடாது, நம் ஹெல்பர் வீட்டிலும் யாரும் படிக்கக் கூடாது என்று நீங்கள் நினைக்க மாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். ஆனால் "எல்லாரும் படித்தால் வேலைக்கு யார் வருவார்கள்" என்ற பேச்சு முடிகிற இடம் அதுதான். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள், அந்த 'எல்லாரும்' என்ற சொல்லுக்குள் உங்கள் பம்ப் கம்பெனி முதலாளியின் பிள்ளைகளை நீங்கள் சேர்த்திருக்கவே மாட்டீர்கள்.

ஜெர்மனியைச் சொன்னீர்கள். நல்ல உதாரணம், முழுதாக எடுத்துக்கொள்வோம். அங்கே தொழில் கற்க வருகிற பிள்ளைக்குக் கம்பெனியோடு எழுத்தில் ஒப்பந்தம் உண்டு. மூன்று, மூன்றரை வருடம் உதவித்தொகையோடு பயிற்சி. வாரத்தில் ஒன்றிரண்டு நாள் தொழிற்பள்ளிக்குப் போய்ப் பாடம் படிக்க வேண்டும், அந்த நாளுக்கும் உதவித்தொகை பிடிக்க மாட்டார்கள். முடிவில் பரீட்சை, நாடு முழுக்கச் செல்லுகிற சான்றிதழ். அனுபவம் சேர்த்து 'மைஸ்டர்' என்கிற தேர்ந்த தொழில் வல்லுநர் ஆனால் அந்தத் தகுதியை இளங்கலைப் பட்டத்துக்குச் சமமான நிலையில் வைத்திருக்கிறார்கள். 2009 முதல் மைஸ்டராக இருப்பவர் நாற்பது வயதிலும் பல்கலைக்கழகத்தில் சேரலாம். அதாவது தொழில் பக்கம் போனவனுக்குப் படிப்பின் பக்கம் திரும்பி வர வழி வைத்திருக்கிறார்கள். நம் பட்டறைகளில் ஹெல்பராகச் சேர்கிற பையன் பத்து வருடம் கழித்து வெளியே போகும்போது கையில் என்ன காகிதம் இருக்கிறது? தொழில் பழகுநர் சட்டம் 1961-லேயே வந்துவிட்டது. நான்கு பேரே வேலை செய்கிற சின்னப் பட்டறைகூட விரும்பினால் முறையாக அப்ரண்டிஸ் எடுக்கலாம், உதவித்தொகையில் கால் பங்கை, மாதம் 1,500 ரூபாய் வரை, மத்திய அரசே கொடுக்கிறது. நீங்கள் இதுவரை ஒருவரையாவது அப்படி எடுத்திருக்கிறீர்களா? குற்றம் சாட்டக் கேட்கவில்லை. தொழில் கற்பதைப் படிப்புக்குச் சமமான வழியாக ஆக்க வேண்டும் என்று உங்களைப் போன்றவர்கள் உண்மையாகவே விரும்பினால், தொடங்க வேண்டிய இடம் அதுதான். அந்த நாள் வரும்வரை ஏழைப் பிள்ளைகளிடம் "உனக்குத் தொழில் போதும்" என்று சொல்ல எனக்கு வாய் வராது.

இன்னொன்று சொல்ல வேண்டும். இரண்டாம் ஷிஃப்ட் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்த காலத்தில் ஒரு மாணவன். காலையில் லேத் பட்டறை, மதியம் ஒன்றரைக்குக் கல்லூரி. சட்டையை மாற்றிக்கொண்டுதான் வருவான், ஆனாலும் கூலண்ட் ஆயில் வாசனை போகாது. நகக்கண்ணில் கறுப்பு இருக்கும். கடைசி பெஞ்சு. ஒரு நாள் தேசிய வருமானப் பாடத்தில் தேய்மானம் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். மொத்த உற்பத்தியிலிருந்து மெஷின்களின் தேய்மானத்தைக் கழித்தால் நிகர உற்பத்தி. எழுந்து, "மேடம், இது எங்க முதலாளி மெஷினுக்கும் உண்டுங்களா?" என்று கேட்டான். வகுப்பு சிரித்தது. பில்லைக் கொண்டு வா, பார்ப்போம் என்றேன்.

மறுநாள் நிஜமாகவே சிஎன்சி வாங்கிய பில்லின் நகலோடு வந்தான். 14 லட்சம். பத்து வருடம் ஓடும், பிறகு விற்றால் இரண்டு லட்சம் வரும் என்று அவனே சொன்னான். ஆக, பத்து வருடத்தில் தேய்வது 12 லட்சம். மாதத்துக்கு 10,000. இருபத்தைந்து நாள் ஓடினால் நாளைக்கு 400. ஒரு நாளைக்கு 80 பீஸ் எடுப்பார்களாம். நோட்டின் கடைசிப் பக்கத்தில் வகுத்துப் பார்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தான். பீஸுக்கு 5 ரூபாய். முதலாளி 22 ரூபாய்க்கு ரேட் பேசியிருந்தார். கரண்ட், கூலி, டூல் எல்லாம் சேர்த்திருந்தார், இந்த ஐந்து ரூபாயைச் சேர்க்கவே இல்லை. லாபம் என்று அவர் வீட்டுக்கு எடுத்துப்போனதில் பெரும்பகுதி அந்த மெஷினையே கொஞ்சம் கொஞ்சமாக விற்று வந்த பணம்.

போய்ச் சொன்னதற்கு முதலில் திட்டு வாங்கினான், ரேட்டை ஏற்றினால் ஆர்டர் போய்விடும் என்று. அடுத்து வந்த புது ஜாபுக்கு ரேட் எழுதும்போது முதலாளி அவனைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். அவன் இப்போதும் பட்டறையில்தான் இருக்கிறான். ரேட் போடுவது, ஜிஎஸ்டி, பேங்க் எல்லாம் அவன் கையில். பி.ஏ. பொருளாதாரம், மூன்று அரியர் வைத்துத் தேறியவன். ப்ளஸ் டூ மார்க்கை வைத்து வடிகட்டியிருந்தால் அவன் என் வகுப்புக்குள்ளேயே வந்திருக்க மாட்டான்.

லோன் போட்டு வாங்கிய உங்கள் சிஎன்சிக்கு இந்தக் கணக்கைப் போட்டீர்களா என்று கேட்க மாட்டேன். ஆனால் உங்கள் பையன் சேர விரும்புகிற பி.காமில் முதல் வருடமே நடத்துவது இதைத்தான்.

அதனால் சேருங்கள். அரசுக் கலைக் கல்லூரிகளுக்கு எல்லாம் சேர்த்து ஒரே ஆன்லைன் விண்ணப்பம்தான். அங்கே 600-க்கு எவ்வளவு என்று பார்ப்பதில்லை, மொழிப் பாடங்களைத் தள்ளிவிட்டு நான்கு முக்கியப் பாடங்களுக்கு 400-க்கு எவ்வளவு என்றுதான் ரேங்க் போடுவார்கள். 371 என்று சோர்ந்துபோக வேண்டாம், அதைக் கூட்டிப் பாருங்கள். கோவை அரசுக் கலைக் கல்லூரியில் பி.காமுக்குப் போட்டி அதிகம். ஆகவே சுற்றுவட்டாரத்தில் இருக்கிற மற்ற அரசுக் கல்லூரிகளையும் விருப்பப் பட்டியலில் போடச் சொல்லுங்கள். இடம் கிடைத்தால் தமிழ்ப்புதல்வன் திட்டத்தில் அவனுக்கும் மாதம் 1,000 ரூபாய் வரும், தமிழ் வழியில் உதவிபெறும் பள்ளியில் ஆறாவது முதல் படித்திருந்தால் தகுதி உண்டு. ஆதாரோடு இணைத்த பேங்க் கணக்கு அவன் பெயரில் இருக்கிறதா என்று இப்போதே பார்த்துவிடுங்கள். கல்லூரி ஆரம்பித்த பிறகு அதற்கு அலைகிற பிள்ளைகள் ஏராளம். தனியார் கல்லூரிதான் கிடைக்கிறது என்றால் நன்கொடை கேட்கிற இடத்துக்குப் போகாதீர்கள். சேர்வதற்கு முன்பு ஒரு வேலைநாளில் போய், இரண்டாம் வருடப் பிள்ளைகள் நாலு பேரிடம் வகுப்பு தினமும் நடக்கிறதா என்று கேட்டால் போதும், உண்மை தெரிந்துவிடும்.

கல்லூரி நேரம் போக ஒன்றிரண்டு மணி நேரம் அவன் பட்டறைக்கு வரட்டும். ஆனால் அதற்குச் சம்பளம் கொடுங்கள், வீட்டுப் பிள்ளைதானே என்று விட்டுவிடாதீர்கள். இன்வாய்ஸையும் வாங்கல் கணக்கையும் அவனிடம் கொடுங்கள். பரீட்சை மாதத்தில் மட்டும் கூப்பிடாதீர்கள். ஒருவேளை ஒரு வருடம் போய்விட்டு, பிடிக்கவில்லை, பட்டறைக்கே வருகிறேன் என்று அவனே சொன்னால் அதையும் ஏற்றுக்கொள்ளுங்கள். தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் இருக்கின்றன, இருபத்தைந்து வயதிலும் சேரலாம். மாணவர்கள் வெளியே போய்விட்டுத் திரும்பி வருவதை நான் நிறையப் பார்த்துவிட்டேன், அதில் கேவலம் ஒன்றும் இல்லை.

மகளைப் பற்றி நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். நல்ல இடத்தில் கொடுக்க டிகிரி வேண்டும் என்கிறீர்கள். கொங்குப் பக்கத்தில் பட்டறை வைத்திருக்கிற, தோட்டம் வைத்திருக்கிற வீட்டுப் பையன்களுக்குப் பெண் கிடைக்காமல் பெற்றவர்கள் அலைவதை நீங்களும் பார்க்கிறீர்கள். பெண்கள் படித்துவிட்டார்கள், தமக்கு என்ன வேண்டும் என்று சொல்லத் தெரிந்துவிட்டது. தமிழ்நாட்டில் கல்லூரிச் சேர்க்கை விகிதத்தில் பெண்கள் இப்போது ஆண்களைவிடச் சற்று முன்னால் இருக்கிறார்கள். பதினைந்து வருடம் படித்த பிள்ளையிடம் அதன் பயன் ஒரு கல்யாணப் பத்திரிகையில் பெயருக்குப் பின்னால் இரண்டு எழுத்து என்று சொன்னால் அவள் என்ன நினைப்பாள்? அவளுக்கு என்ன பிடிக்கும் என்று உங்கள் கடிதத்தில் ஒரு வார்த்தைகூட இல்லை. பத்தாவது முடித்ததும் பதினொன்றாவதுதான் என்று கட்டாயமில்லை. மெக்கானிக்கல் டிப்ளமோவில் சேரலாம், மூன்று வருடம். அதை முடித்தால் பி.இ. இரண்டாம் வருடத்தில் நேரடியாகச் சேரலாம். சிஎன்சிக்கு புரோகிராம் எழுத ஆள் தேடுகிற பட்டறையில், அந்த ஆள் உங்கள் வீட்டிலேயே பத்தாவது படித்துக்கொண்டிருக்கலாம். கேட்டுப் பாருங்கள்.

உங்கள் ஹெல்பரிடமும் ஒன்று கேளுங்கள். அந்தப் பெண்ணுக்குப் புதுமைப்பெண் பதிவு ஆகிவிட்டதா, வருமானச் சான்றிதழும் சாதிச் சான்றிதழும் கையில் இருக்கின்றனவா என்று. அந்தக் குடும்பத்தில் இதற்கு முன்பு யாரும் கல்லூரி வாசலை மிதித்ததில்லை என்றால், எந்த கவுண்டரில் எந்தக் காகிதத்தைக் கொடுப்பது என்றுகூடச் சொல்ல ஆள் இருக்காது. ஒரு அரை நாள் சம்பளத்தோடு லீவு கொடுத்து அப்பாவையும் மகளையும் அனுப்பினால் பெரிய உதவியாக இருக்கும்.

பையன் படித்து முடித்துவிட்டுப் பட்டறைக்குத் திரும்பி வருவானா என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் கடிதம் முழுக்க அந்தப் பயம் இருக்கிறது. வரலாம், வராமலும் போகலாம். எனக்குத் தெரியாது, இன்றைக்கு அவனுக்கும் தெரிந்திருக்காது. அந்தப் பயத்தை அவனிடமே சொல்லுங்கள். லேத் ஓடுகிற சத்தத்தில் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை மெயின் சுவிட்சை இறக்கிவிட்டு, இரண்டு பேரும் உட்கார்ந்து பேசுங்கள்.